கடலைத் தாண்ட முடியாத காணிக்கை: திருமங்கலம் பக்கத்துச் சபை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2022 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பொருளாதார நெருக்கடியில் சிக்கிய இலங்கைக்கு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், 137 வகை மருந்துகள் அனுப்பத் தயாராக இருக்கிறோம், ஒன்றிய அரசு அனுமதி தர வேண்டும் என்பது அதன் சாரம். மொத்த மதிப்பு 123 கோடி ரூபாய். கையில் பணம் வைத்திருந்த மாநில அரசே கடலுக்கு அந்தப் பக்கம் அரிசி அனுப்ப டெல்லியைக் கேட்க வேண்டியிருந்தது.

அதே வாரங்களில் மதுரை மாவட்டத் திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்துக் கிறிஸ்தவச் சபையும் இலங்கைக்கு உதவுவது என்று முடிவெடுத்தது. அனுமதி, வழிமுறை என்பதெல்லாம் கமிட்டியில் யாருக்கும் தோன்றவில்லை. காணிக்கை எடுத்துவிட்டால் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விடும் என்றுதான் நினைத்தார்கள். உள்நாட்டு மிஷனரிப் பணிகளுக்குப் பல வருடங்களாகப் பணம் அனுப்பிப் பழகிய சபை அது. ஒடிசாவுக்கும் ஜார்க்கண்டுக்கும் அனுப்புவதைப் போல யாழ்ப்பாணத்துக்கும் அனுப்பலாம் என்ற எண்ணம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துச் சபைகளில் இப்படிப்பட்ட வசூல்கள் நடக்கும் விதத்தை ஒரே சபையின் கதையாகச் சேர்த்து எழுதியிருக்கிறேன். ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் கிடையாது. சபையின் தொகைகள் அளவைக் காட்டுவதற்காகத் தோராயமாக வைத்தவை. சட்டங்கள், தேதிகள், விலைகள் மட்டும் உள்ளது உள்ளபடி.

வசூல் செய்வதற்குக் கிராமச் சபைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தடுமாற்றம் வருவது வேறு இரண்டு இடங்களில். பணம் எந்த வழியாகப் போகும் என்பது ஒன்று. வாங்குகிறவர் சொல்வது எந்த வழியாகத் திரும்பி வரும் என்பது இன்னொன்று. இரண்டையும் பார்க்காமல் உண்டியலை வீடுவீடாகக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சபை நல்ல உதாரணம். அதைவிட நல்ல விஷயம், அவர்கள் பாதி வழியில் விழித்துக்கொண்டது.

ஏன் இலங்கை

சபை தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தை, அதாவது பேராயர் ஒருவரின் கீழ் உள்ள சபைகளின் வட்டாரத்தைச் சேர்ந்தது. சுமார் தொண்ணூறு குடும்பங்கள். ஐயர், அதாவது போதகர், பல சபைகளைப் பார்ப்பவர், மாதம் ஒன்றிரண்டு ஞாயிறுதான் வருவார். மற்ற நாட்களில் ஊரிலேயே இருந்து சபையை நடத்தும் உபதேசியார்தான். கண்மாய் பெருகினால் நெல், இல்லாவிட்டால் சோளமும் பருத்தியும். சிலருக்குச் சென்ட் கணக்கில் மல்லிகைத் தோட்டம். பெரும்பாலோர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். இளவட்டம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில். ஆசிரியர்கள் சிலர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், குவைத்தில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண் ஆகியோர்தான் மாதச் சம்பளம் கண்டவர்கள்.

இலங்கையைத் தேர்ந்தெடுத்ததற்குச் செய்தியில் வந்த பெட்ரோல் வரிசைகள் மட்டும் காரணமில்லை. மதுரையில் அமெரிக்க மிஷன் 1834இல் தொடங்கியது யாழ்ப்பாணத்தின் கிளையாகத்தான். 1816 முதல் யாழ்ப்பாணத்தில் வேலை செய்துவந்த அதே மிஷன் அங்கிருந்து ஆட்களை இந்தப் பக்கம் அனுப்பியது. யாழ்ப்பாணத்துத் தமிழ் உதவியாளர்களும் கூடவே வந்தார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணமும் அதில் ஒரு பகுதியாகச் சேர்ந்தது. இன்றைக்கும் அப்படியே. ஒரே திருச்சபை, ஒரே ஆராதனை முறை, ஒரே மொழி. நடுவில் பாக் நீரிணையும் இரண்டு நாடுகளின் சட்டங்களும்.

வெளியிலிருந்து உதவி வாங்கிய பழக்கமும் இந்த வட்டாரத்துக்கு உண்டு. அந்த மிஷனின் செமினரி 1842இல் திருமங்கலத்தில் தொடங்கி 1845இல் பசுமலைக்குப் போனது. அமெரிக்கன் கல்லூரியின் வேர் 1881இல் அதே பசுமலையில். இவற்றுக்கெல்லாம் வந்த பணத்தில் அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துக் கிராமச் சபைகளின் சில்லறைக் காணிக்கைக்குப் பெரிய பங்கு இருந்தது. எந்த ஊர்ச் சபை எத்தனை டாலர், எத்தனை சென்ட் கொடுத்தது என்று அந்த மிஷன் தன் மாத இதழில் வரிவரியாக அச்சிட்டுவந்தது. கடல் கடந்த உதவிக்குக் கணக்கு காட்டும் வேலை 19ஆம் நூற்றாண்டிலேயே இவ்வளவு ஒழுங்காக நடந்திருக்கிறது என்பதைக் கமிட்டிக்காரர்கள் கவனித்திருக்கலாம். அவர்கள் கவனித்தது "நாமும் வாங்கினோமே" என்பதை மட்டும்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் கேட்டது: "ஏன் ஐயா, நம்ம தெருக் குழாயில மூணு நாளைக்கு ஒருக்கா தண்ணி வருது. நாம போயி சிலோனுக்குக் காசு அனுப்பணுமா?" ஓய்வு பெற்ற ஆசிரியர் பதில் சொன்னார்: "நமக்குப் பள்ளிக்கூடம் கட்டக் காசு குடுத்தானே, அவன் ஊர்ல அன்னைக்கு எல்லாத் தெருவுலயும் தண்ணி வந்துச்சாக்கும்?" சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை. கடைசியில், வசூலில் நாலில் ஒரு பங்கு தெருக் குழாய்க்கு என்று எழுதிய பிறகே அவர் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்றுதான் நினைக்கிறேன். அதற்கு ஒரு பங்கு ஒதுக்கியதால்தான் பிறகு யாரும் "வெளியூருக்கு அள்ளிக் கொடுத்துட்டாங்க" என்று பேசவில்லை.

வசூல்

வெளியூர்க்காரர்கள் லீவுக்கு வரும் மே மாதத்தில்தான் இந்தச் சபையில் அறுப்பின் பண்டிகை, அதாவது விளைச்சலுக்கு நன்றி சொல்லிக் காணிக்கை படைக்கும் திருவிழா. வசூல் நான்கு வழிகளில் வந்தது. பெரியது ஏலம்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்க்காதவர்களுக்கு அதன் கணக்கு புரியாது. ஒரு சேவலின் சந்தை விலை ஐந்நூறு என்றால் கோயில் வாசலில் அது மூவாயிரத்துக்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்ப ஆண்டவருக்கே கொடுத்துவிடுவார், மறுபடி ஏலம் ஓடும். ஒரே பூசணிக்காய் மூன்று கை மாறும். திருப்பூரிலிருந்து வந்த பையன் உள்ளூரில் இருக்கும் சித்தப்பனை விட ஒரு ஐம்பது ரூபாயாவது கூட்டிக் கேட்பான். சபைக்கு வெளியே இருக்கும் ஊர்க்காரர்களும் வந்து நின்று கேட்பது வழக்கம். அந்த வருடம் கிடாயை எடுத்தது அப்படி ஒருவர்தான். அவர் ஒருவர்தான் கையோடு ரொக்கம் கொடுத்தார் என்று பொருளாளர் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

சிக்கல் அங்கேதான். ஏலத்தில் கேட்ட தொகை ஒரு லட்சத்துப் பத்தாயிரம், பண்டிகை அன்று கைக்கு வந்தது அதில் பாதிகூட இல்லை. மீதி 'பாக்கி'. சம்பளம் வந்ததும் தருகிறேன், பருத்தி எடுத்ததும் தருகிறேன் என்ற வாக்கு. உள்ளூர்ச் செலவுக்கு இது தாங்கும், கோயில் பெயின்ட் இரண்டு மாதம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவருக்கு "இவ்வளவு தருகிறோம்" என்று சொல்லிவிட்டுப் பாக்கியை நம்பி உட்கார முடியாது. கிராமச் சபையின் வரவை எப்போதும் கைக்கு வந்த ரொக்கத்தில்தான் அளக்க வேண்டும், கேட்ட தொகையில் அளக்கக் கூடாது. தணிக்கை செய்கிறவர்கள்கூட இதில் ஏமாந்து பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, மல்லிகை. தோட்டம் வைத்திருந்த பெண்கள் ஒரு நாள் பூவைக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள். பெண்கள் ஐக்கியத்தின் செயலர் இங்கே காட்டிய சாமர்த்தியம் தனி. மே மாதம் பூ கொட்டும் காலம், விலை சரிந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூவைக் கொடுப்பதாகத்தான் எல்லோரும் முதலில் சொன்னார்கள். "ஞாயித்துக்கிழமைப் பூவை வித்தா பஸ்ஸுக்குக் காணாது. வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பூவைக் குடுங்க" என்றார் அவர். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விலையே வேறு. ஆனால் அந்த நாள் பூவைக் கொடுப்பது தோட்டக்காரருக்கு வலிக்கும் காணிக்கை. இரண்டு பேர் பின்வாங்கினார்கள். அவர்கள் பெயரைப் பட்டியலில் எழுதக் கூடாது என்று செயலரே தடுத்துவிட்டார். பறிகூலி மட்டும் கூலிக்காரப் பெண்களுக்கு முழுதாகக் கொடுக்கப்பட்டது. காணிக்கை தோட்டக்காரருடையது, பறிக்கிறவருடையது இல்லை என்ற பிரிவினையை எவ்வளவோ பெரிய நிறுவனங்கள் மறந்துவிடும், இவர்கள் மறக்கவில்லை.

மூன்றாவது, வீட்டு உண்டியல். இதில் சொல்ல அதிகமில்லை. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்த மண் உண்டியல்கள் பெரியவர்களிடம் கொடுத்த தகர உண்டியல்களைவிடக் கனமாகத் திரும்பி வந்தன.

நான்காவது, பிடி அரிசி. சமைக்கும்போது உலையில் போடும் அரிசியில் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைப்பது. மிசோரம் சபைகள் இதை 1910களிலிருந்து ஒரு பெரிய நிதி ஏற்பாடாகவே வளர்த்திருக்கின்றன. நம் பக்கத்திலும் பழைய வழக்கம்தான். சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் பாத்திரத்தோடு வீடுவீடாகப் போவார்கள். இந்த முறை மூன்றாவது வாரத்தில் பொருளாளர் மூட்டையைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். பெரும்பாலும் ரேஷன் அரிசி. நியாயந்தானே, அடுப்பில் வேகும் அரிசியைத்தான் பிடி எடுக்க முடியும். தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். அதை விற்றால் குற்றம், குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுத் துறை வழக்குப் போடும். சபையே ரேஷன் அரிசியை வியாபாரியிடம் தள்ளியது என்ற பேர் வந்தால் எந்தக் காணிக்கையும் அதை மறைக்காது. அரிசியை விற்காமல் பண்டிகைச் சாப்பாட்டுக்கே போட்டார்கள். வழக்கமாகச் சாப்பாட்டு அரிசிக்கு ஒதுக்கும் பணத்தை நிதியில் சேர்த்தார்கள். ரேஷன் அரிசிச் சோறு என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

எல்லாம் சேர்த்து ஜூன் கடைசியில் கையிருப்பு ஒரு லட்சத்து இருபதாயிரத்துச் சொச்சம்.

வழி அடைபட்ட இடம்

திருமங்கலத்தில் வங்கிக் கிளைக்குப் போன பொருளாளரும் உபதேசியாரும் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். வங்கியில் சொன்னது சுருக்கமானது. இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு நன்கொடையாகப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி 2004இல் கொண்டுவந்த எல்.ஆர்.எஸ். என்ற தாராளமயப் பணம் அனுப்பும் திட்டம் இருக்கிறது. ஒரு நிதியாண்டில் ஒருவர் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். ஆனால் 'ஒருவர்' என்றால் தனி மனிதர் மட்டுமே. அறக்கட்டளை, சங்கம், சபை எதுவும் அதில் வராது.

"நம்ம திருமண்டலத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. நம்பர் இருக்கே" என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். இது பரவலாக இருக்கும் குழப்பம். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் உள்ளே வரும் பணத்துக்கானது. வெளியே போகும் பணத்துக்கு அது கதவு திறக்காது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இங்கேயே இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது.

இந்தச் சட்டம் இந்தக் கதையில் வேறு இரண்டு இடங்களில் தலைகாட்டியது. ஊரில் பிறந்து கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட ஒருவர் ஏலத்தில் போனிலேயே ஒரு ஆட்டைக் கேட்டிருந்தார். அவர் பணம் சபைக் கணக்குக்கு வந்தால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. அதற்கென டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில் திறந்த கணக்கின் வழியாக மட்டுமே வரலாம், கிராமச் சபைக் கணக்கில் வாங்கக் கூடாது. குவைத் நர்ஸ் கதை வேறு. அவர் இந்தியக் குடிமகள், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. ஒரே ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர், ஒருவர் காசை வாங்கலாம், இன்னொருவர் காசை வாங்கக் கூடாது என்பதைக் கனடாக்காரரின் அம்மாவுக்கு விளங்கவைக்க ஐயரே வர வேண்டியிருந்தது. இரண்டாவது இடம் இன்னும் நுணுக்கமானது: இலங்கையில் செலவாகாமல் மிஞ்சிய பணத்தை அங்கிருந்து சபைக் கணக்குக்குத் திருப்பி அனுப்பினாலும் அதே சட்டத்தின் சிக்கல் வரும்.

திருமண்டலம் வழியாக அனுப்பலாமே என்ற யோசனை அடுத்து வந்தது. கிராமச் சபைக்குத் தனிச் சட்ட உருவம் கிடையாது. சொத்துகள் சி.எஸ்.ஐ.டி.ஏ. என்ற 1947இல் பதிவான அறக்கட்டளைச் சங்கத்தின் பெயரில் இருக்கின்றன. அப்படிப் பதிவான அமைப்புகளுக்கு வருமான வரி விலக்கு இருப்பதால் அவைகளே அனுப்பலாம் என்று தோன்றும். ஆனால் அப்போது நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 11ஆம் பிரிவு, அறக்கட்டளையின் வருமானம் இந்தியாவுக்குள் செலவானால்தான் விலக்கு என்றது. வெளிநாட்டில் செலவு செய்வதென்றால், இந்தியா அக்கறை கொண்ட சர்வதேச நலனுக்காக இருக்க வேண்டும், நேரடி வரிகள் வாரியம் அதற்குத் தனியாக ஆணை பிறப்பித்திருக்க வேண்டும். ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்காக எந்தத் திருமண்டல அலுவலகமும் டெல்லிக்கு மனு எழுதிக்கொண்டிருக்காது.

மிச்சமிருந்தது குறுக்கு வழி. "ராமேஸ்வரத்துல ஆள் இருக்கு, இங்க குடுத்தா அங்க குடுத்துருவாங்க" என்று ஒருவர் சொன்னார். அந்த மாதங்களில் இலங்கையில் வங்கி விகிதத்தைவிட ஹவாலாக்காரர்கள் கூடுதலாகக் கொடுத்துவந்தார்கள் என்பதால் ஆசை காட்டும் யோசனைதான். பிடிபட்டால் 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம். இன்னொருவர் கையில் எடுத்துப் போகலாம் என்றார். இந்திய ரூபாயை ஒருவர் 25,000 வரைதான் கொண்டு போகலாம், அதுவும் பயணத்துக்கு. பட்டாளத்துக்காரர் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் முடித்தார்: "காணிக்கையை ஒளிச்சுக் கொண்டு போறதுன்னா எனக்குச் சம்மதமில்ல."

ஒரு மாதம் பணம் வங்கியில் கிடந்தது. ஊரில் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

உச்சப்பட்டி

மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. உச்சப்பட்டி திருமங்கலத்துக்குப் பக்கம். கடலுக்கு அப்பால் எப்படி அனுப்புவது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட கமிட்டிக்குப் பக்கத்து முகாம் நினைவுக்கு வர இவ்வளவு நாள் ஆனதை நான் குறையாகச் சொல்லவில்லை. முகாம் என்றால் கிறிஸ்துமஸுக்குச் சேலை கொடுக்கும் இடம் என்ற பழக்கம் அப்படி மறைத்திருந்தது.

அனுமதி பெற்று முகாமுக்குள் போனபோது கமிட்டி எதிர்பார்த்தது கூரை, தையல் மிஷின் போன்ற கோரிக்கைகளை. வீடுகளுக்கு அரசே 2021இல் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்துக் கட்டத் தொடங்கியிருந்தது. முகாம் பெண்கள் கேட்டது காகிதம். இந்தியாவில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்தால்தான் இலங்கைக் குடியுரிமைக்கு வழி. அது இல்லாமல் ஊர் திரும்ப நினைக்கும் குடும்பம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்ப முடியாது. பிறப்புச் சான்றிதழ் எடுப்பது, பெற்றோரின் பழைய ஆவணங்களைத் தேடுவது, கட்டணம், சென்னைக்கு இரண்டு மூன்று முறை பஸ், அந்த நாட்களின் கூலி இழப்பு. ஒரு குடும்பத்துக்குச் சில ஆயிரம். அதைக் கொடுக்க ஆள் இல்லாமல் வருடக் கணக்கில் தள்ளிப்போட்டவர்கள் இருந்தார்கள்.

பணம் முழுதும் இந்தியாவுக்குள்ளேயே செலவாகும். எல்.ஆர்.எஸ். வேண்டாம், வரி விலக்கும் போகாது. பலன் மட்டும் இலங்கையில் போய் இறங்கும். சபையின் கூட்டு நிதியில் தெருக் குழாய்க்கான பங்கு போக, ஒரு பகுதி முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குப் போனது. இலங்கைக்காக அதில் கொடுக்கும்படி முதலமைச்சர் மே மாதம் கேட்டிருந்தார், முதல் கப்பலும் மே 18 அன்று 9,000 டன் அரிசியோடு சென்னையிலிருந்து கிளம்பிவிட்டது. மீதி முழுக்க முகாமின் காகிதச் செலவுக்கு. "அறுப்பின் பண்டிகைக் காசுல பர்த் சர்டிபிகேட்டா?" என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். கிணற்றைப் போல அதைப் படம் பிடித்துக் காட்ட முடியாது என்பதுதான் அவர்களுடைய உண்மையான வருத்தம்.

வன்னி

கடல் தாண்டிப் போனதும் ஒன்று உண்டு. சபைப் பணம் போக முடியாது என்றால் சபையார் பணம் போகலாம். ஆசிரியர்கள் இருவர், பட்டாளத்துக்காரர், அவர் மைத்துனர் ஆகிய நால்வரும் தங்கள் சொந்தக் கணக்கிலிருந்து, தங்கள் பான் எண்ணில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் எழுதிக் கொடுத்து, வட இலங்கையின் வன்னிப் பகுதியில் கிளிநொச்சிப் பக்கத்துச் சபை ஒன்றின் வங்கிக் கணக்குக்குச் சொந்த நன்கொடையாக அனுப்பினார்கள். சபை நிதியிலிருந்து அவர்களுக்கு ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை. இந்த இடத்தில்தான் பல சபைகள் வழுக்கும். "உங்க பேர்ல அனுப்புங்க, நாங்க கையில குடுத்துர்றோம்" என்றால் அது சபைப் பணத்துக்குப் பொய்ப் பெயர் சூட்டுவது. நால்வரும் ஆளுக்கொரு நாளில் சிறு தொகையாக அனுப்பியதில் வங்கிக் கமிஷனும் நடுவில் உள்ள வங்கியின் கட்டணமும் சேர்ந்து நன்றாகக் கடித்தது. கட்டணத்தை அனுப்புகிறவரே ஏற்பதாகப் படிவத்தில் குறிக்காவிட்டால் அது வழியிலேயே தொகையில் கழிந்துவிடும் என்பது முதலில் அனுப்பியவருக்குத் தெரியவில்லை.

என்ன செய்வது என்பதில் இவர்கள் முதலில் சொன்னது ஆடு. திருமங்கலத்துக்காரருக்கு ஆடு தெரியும், ஆண் துணையில்லாத குடும்பங்களுக்கு ஆடு வாங்கிக் கொடுப்பது நல்ல திட்டமாகப் பட்டது. முகாமில் ஒரு பெண், அவருடைய அக்கா கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறார், போனில் கேட்டுவிட்டு வந்து சொன்னார் (வளவு என்றால் வீட்டைச் சுற்றிய நிலம்): "வேலியில்லாத வளவுக்கு ஆடு குடுத்தா அது பக்கத்து வீட்டுத் தோட்டத்தத்தான் திங்கும். முதல்ல கெணத்த இறைச்சுத் தாங்க." யுத்த காலத்தில் குடும்பங்கள் இடம்பெயர்ந்து கிடந்த வருடங்களில் பல வளவுக் கிணறுகள் தூர்ந்து போயிருந்தன. கிணறு தூர் வாருவது, கட்டு உடைந்த இடத்தைக் கட்டுவது, ஒரு வீட்டுத்தோட்டம், அதற்கு ஒரு மண்ணெண்ணெய் பம்ப் என்று திட்டம் மாறியது.

நாணய மாற்று விகிதம் பார்த்து ஊரில் சந்தோஷம். 2022 தொடக்கத்தில் இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் மூன்றுக்கும் குறைவு. வருட நடுவில் நாலரையைத் தாண்டிவிட்டது. "நம்ம காசு பெருகிருச்சு" என்றார்கள். பெருகவில்லை. அந்தச் செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. சிமென்ட் விலையும் கூலியும் பெருகிய காசை விழுங்கிவிட்டன. பெரிய அடி ஆகஸ்டில் விழுந்தது. லிட்டர் 87 இலங்கை ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ஆனது. பம்ப் வாங்கிக் கொடுத்தாலும் ஓட்ட முடியாது. கிளிநொச்சியிலிருந்து கேட்டார்கள்: பம்புக்கு வைத்த பணத்தில் இன்னும் இரண்டு கிணறு இறைக்கட்டுமா? கப்பியும் வாளியும் வைத்துக் கையால் இறைக்கும் அளவுக்குத் தோட்டத்தைச் சிறிதாக்கிக்கொள்கிறோம்.

இந்த ஒரு செய்திக்கு இங்கே பதில் சொல்ல மூன்று வாரம் ஆனது. "பம்புன்னு சொல்லித்தானே குடுத்தோம்" என்றார் ஆசிரியர்களில் ஒருவர். அவர் பணம், அவருக்குக் கேட்க உரிமை உண்டு. ஆனால் மழை தொடங்குவதற்கு முன் கிணறு இறைக்க வேண்டும் என்பதால் அந்த மூன்று வாரம் அங்கே விலை உயர்ந்த மூன்று வாரம். கொடுக்கிறவர் மாற்றத்துக்கு ஒப்புதல் தரும் நேரமும் திட்டச் செலவில் சேரும் என்பதை எந்த வரவு செலவுத் தாளும் காட்டுவதில்லை.

பலகையும் கயிறும்

வேலை முடிந்ததும் இரண்டு கோரிக்கை இங்கிருந்து போயின. கிணற்றடியில் சபையின் பெயர் பொறித்த கல். பயனாளிகள் வரிசையாக நின்று பேனர் பிடித்த படம். டியூப்லைட்டில் வெளிச்சம் வெளியே வர இடம் விடாமல் உபயம் எழுதும் ஊர்கள் நம்முடையவை. கோரிக்கையில் யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. உச்சப்பட்டியில் அதே பெண்ணுக்குத்தான் உறுத்தியது: "எங்கள வரிசையில நிக்க வச்சுப் படம் எடுக்காத ஆள் யாரு சார்? அங்கயும் போய் நிக்கணுமா?"

கமிட்டியில் ஒருவரும் பதில் பேசவில்லை. ஆனால் கணக்கு கேட்பதையே விட்டுவிட முடியாது. பட்டாளத்துக்காரர் சொன்ன ஏற்பாடுதான் கடைசியில் நின்றது. ஒவ்வொரு கிணற்றுக்கும் தூர் வாருவதற்கு முன்னும் பின்னும் முடிச்சுப் போட்ட கயிறு இறக்கி நீரின் ஆழத்தை அளப்பது, அந்த அளவையும் கூலிச் சிட்டையையும் மட்டும் படம் எடுத்து அனுப்புவது. ஆள் முகம் வேண்டாம். மார்ச்சில் இன்னொரு அளவு, கோடையில் கிணறு தாங்குகிறதா என்று பார்க்க. அந்த மார்ச் அளவுதான் எனக்கு இந்த முழு நிகழ்விலும் பிடித்த விஷயம். பேனர் படம் எடுத்திருந்தால் டிசம்பரோடு கோப்பை மூடியிருப்பார்கள். மார்ச்சில் ஒரு கிணற்றில் நீர் மறுபடி இறங்கியிருந்தது தெரிந்தது, அடியில் கட்டாமல் விட்ட பக்கம் சரிந்திருந்தது. அதற்கு என்ன செய்வது என்று பேச முடிந்தது.

கல் வேண்டும் என்பவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

2023 பண்டிகைக்கு முன் கூடிய கமிட்டி இரண்டு தீர்மானங்களை எழுதியது. உண்டியல் கொடுப்பதற்கு முன் பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு, யார் பெயரில் போகும் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முகாமிலிருந்து இரண்டு பேர் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்து பேசலாம். மூன்றாவதாக ஒன்றைப் பொருளாளர் கொண்டுவந்தார்: போன வருட ஏலப் பாக்கியைக் கட்டாதவர் இந்த வருடம் ஏலம் கேட்கக் கூடாது. அது தோற்றுப்போனது. பாக்கி வைத்திருந்தவர்களில் மூன்று பேர் கமிட்டி உறுப்பினர்கள்.